பதினேழு சதவீத ஈரம்

ஓர் ஊரில் முப்பத்தொரு பேருக்கு இரத்த அழுத்தம் தானாகவே குணமாகிவிட்டது என்று எனக்குச் செய்தி வந்தது. கோயில் தீர்த்தமோ மூலிகைச் சாறோ காரணம் இல்லை. ஆடி மாதம் கிராமங்களில் முகாம் நடத்தி, இன்னின்னாருக்கு அழுத்தம் ஏறிக் கிடக்கிறது என்று ஒரு நர்ஸ் நோட்டில் எழுதியிருக்கிறார். புரட்டாசியில் அவர்களை ஒரு மருந்து ஆய்வில் சேர்ப்பதற்காக மருத்துவமனைக்கு வரவழைத்துப் பார்த்தால், இதுவரை வந்த முப்பத்தொரு பேருக்கும் சரியாக இருக்கிறது. ஆய்வுக்கு வேண்டியவர்கள் அழுத்தம் அதிகம் உள்ளவர்கள். எனவே ஒருவரைக்கூடச் சேர்க்க முடியவில்லை.

முப்பத்திரண்டு வருடம் மருந்து ஆய்வுகளைத் தணிக்கை செய்து சம்பளம் வாங்கியவன் நான். இப்படிப்பட்ட செய்திக்கு எங்கள் தொழிலில் இரண்டே விளக்கங்கள்தான் உண்டு. கருவி பொய் சொல்கிறது, அல்லது நர்ஸ் பொய் சொல்கிறார். கருவி என்றால் மாற்றிவிடலாம். நர்ஸ் என்றால் அந்த மருத்துவமனையின் பெயர் ஒரு பட்டியலில் ஏறும். அந்தப் பட்டியலில் ஏறுவது சுலபம், இறங்கியவர் யாரையும் நான் பார்த்ததில்லை.

சிற்றூர் மருத்துவமனைகளிலும் மருந்து ஆய்வு நடக்க வேண்டும் என்று பாடுபடும் ஓர் அறக்கட்டளையை என் பழைய சக அலுவலர் நடத்துகிறார். "நீங்க போய் ஒரு பார்வை பாத்துட்டு வாங்க. ஏமாத்துறாங்கன்னா இப்பவே மூடிடலாம்" என்றார். ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட இனிப்பான அழைப்பு கிடையாது. கிளம்பிவிட்டேன்.

முதல் நாள் தஞ்சாவூரில் கழிந்தது. அறக்கட்டளை அங்கே ஒரு பயிலரங்கு வைத்திருந்தது, போகிற வழியில் உட்கார்ந்துவிட்டுப் போங்கள் என்றார்கள். பெரிய கோயிலைப் பேருந்து ஜன்னலில் பார்த்தேன். அது என்னைக் கவனித்ததாகத் தெரியவில்லை. பயிலரங்கின் பெயர் 'திறன் மேம்பாடு'. என் அனுபவத்தில் இந்தச் சொல் புழங்கும் இடங்களில் மதியச் சாப்பாடு நன்றாக இருக்கும். அன்றும் இருந்தது. கடைசியில் இலையில் விழுந்த அசோகாவை மட்டும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினேன். பாசிப்பருப்பும் நெய்யும் சேர்ந்து இவ்வளவு குழைய முடியும் என்றால், மேம்பாட்டில் எனக்கும் நம்பிக்கை உண்டு.

சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர், இரத்த மாதிரிகளை வைக்கும் உறைபெட்டியின் படத்தைத் திரையில் காட்டினார். பட்டுக்கோட்டைப் பக்கத்து இளம் டாக்டர் ஒருவர் எழுந்து, கரண்ட் போனால் என்ன செய்வது என்று கேட்டார். ஜெனரேட்டர் என்றார் பயிற்சியாளர். ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க எங்கள் ஊரில் எத்தனை பேர் கையெழுத்துப் போட வேண்டும் தெரியுமா என்றார் டாக்டர். பயிற்சியாளர் அடுத்த படத்துக்குப் போனார். எனக்குப் பின்வரிசையில் இரண்டு நர்ஸுகள் பேசிக்கொண்டிருந்தார்கள். "பூட்டு போட்ட பீரோ ஒண்ணு குடுத்தாலே போதும்டி. போன மாசம் ஃபைல எலி தின்னுடுச்சு." அன்று முழுவதும் கேட்டவற்றில் என் குறிப்பேட்டில் ஏறியது அந்த ஒரு வாக்கியம்தான். வேலையில் இருந்தபோது தணிக்கைக்காக ஸ்விட்சர்லாந்து போயிருக்கிறேன். அங்கேயும் எலிகள் இருந்தன, ஆனால் கூண்டில், காதில் எண் மாட்டி.

இரண்டாம் நாள் பேருந்தில் ஏறினேன். அந்த மருத்துவமனை திருவிடைமருதூருக்கும் திருப்பனந்தாளுக்கும் நடுவே ஒரு வாய்க்கால் கரையில் இருக்கிறது. குறுவை அறுவடை நேரம். வயலில் இருந்த நெல் முழுவதும் சாலைக்கு வந்துவிட்டது போல, தார்ச்சாலையின் ஒரு பாதியில் மைல்கணக்கில் நெல் காய்ந்தது. மறுபாதியில் இரு திசை வாகனங்களும் ஒன்றையொன்று விசாரித்துக்கொண்டு போயின. சென்னையில் இதைச் செய்தால் போக்குவரத்துக் காவலர் வருவார். இங்கே ஓட்டுநர் நெல்லின் ஓரத்தில் சக்கரம் படாமல் ஒதுங்கிப் போனார், நெல்லுக்குச் சாலையில் முன்னுரிமை என்று எங்கோ விதி இருப்பதைப் போல.

பாதி வழியில் தூறல் விழுந்தது. ஓட்டுநர் யாரையும் கேட்காமல் வண்டியை நிறுத்தி எஞ்சினை அணைத்தார். நான் காரணம் கேட்க வாயைத் திறப்பதற்குள் பேருந்தில் பாதிப் பேர் இறங்கி ஓடிக்கொண்டிருந்தார்கள். சாலை நெடுக ஆட்கள் நெல்லைப் பலகையால் தள்ளிக் குவிக்க, மற்றவர்கள் தார்ப்பாயைப் பிரித்தார்கள். நானும் இறங்கினேன். வேடிக்கை பார்க்கத்தான் இறங்கினேன், ஆனால் என் கையில் ஒரு தார்ப்பாய் முனையை யாரோ திணித்துவிட்டார்கள்.

"செருப்பக் கழட்டிட்டு மிதிங்க சார், நெல்லு" என்று ஒரு குரல் வந்தது. அறுபதை நெருங்கும் பெண், தலையில் துண்டு, சேலையை முழங்கால் வரை ஏற்றிச் செருகியிருந்தார். மூச்சு வாங்கியது, முகம் சிவந்திருந்தது. செருப்பைக் கழற்றினேன். தார்ப்பாயின் மேல் செங்கல் வைத்து முடித்த பிறகுதான் அவர் என்னை மனிதனாக மதித்துப் பேசினார். மூன்று மா, ஒரு ஏக்கர் அளவு, குத்தகை நிலம். விளைந்ததை, 'டிபிசி' என்று ஊரில் சொல்லும் அரசு கொள்முதல் நிலையத்துக்குக் கொண்டுபோனால், மூட்டையில் குத்தூசியைச் செருகிக் கொஞ்சம் நெல்லை எடுத்து மிஷினில் வைத்துப் பார்க்கிறார்கள். ஈரம் பதினேழு சதவீதத்துக்குள் இருந்தால் எடுத்துக்கொள்வார்கள், தாண்டினால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இவருடையது முந்தின நாள் இருபது காட்டியிருக்கிறது. "ரெண்டாவது தடவையா திருப்பிட்டாங்க. ஊரே பாக்குது" என்றார். ஈரத்தைவிட, ஊர் பார்த்தது அவருக்கு அதிகம் உறைத்ததாகத் தோன்றியது.

பேருந்து நாற்பது நிமிடம் தாமதம். யாரும் கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, என்னைத் தவிர.

மருத்துவமனை, வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்த குடும்பங்கள் சேர்ந்து கட்டியது. நாற்பது படுக்கை, ஒரு எக்ஸ்ரே அறை, வாசலில் ஒரு வேப்பமரம். தலைமை மருத்துவர் ஃபாத்திமா அதே ஊர்ப் பெண். படித்துவிட்டுத் திரும்பி வந்தவர். அவருடைய அத்தா ஹாஜா பாய் மஸ்கட்டில் இருபது வருடம் கடை வைத்திருந்தவர். அவர்கள் வீட்டு மாடியில்தான் என்னைத் தங்கவைத்தார்கள்.

எதற்கு வந்திருக்கிறேன் என்பது டாக்டருக்குத் தெரியும். சுற்றி வளைக்காமல் பேசினார். அழுத்தத்துக்குப் புழக்கத்தில் உள்ள இரண்டு மருந்துகளில், வெயிலில் சேற்றில் நின்று வேலை செய்பவர்களுக்கு எது ஒத்துக்கொள்கிறது என்று பார்ப்பதுதான் இந்த ஆய்வு. "புத்தகத்துல இருக்கிற அளவெல்லாம் ஆபீஸ்ல உக்காந்திருக்கிறவங்களுக்குத் தச்ச சட்டை சார். எங்க ஊரு பொம்பள அத மாட்டிக்கிட்டு வயல்ல இறங்கினா கிறுகிறுத்து விழுறா. இதையும் மூடிட்டா, இனிமே இந்தக் கேள்விய யாரும் கேட்க மாட்டாங்க."

பிறகு நர்ஸைக் கூப்பிட்டார். தமிழ்ச்செல்வி, இருபத்தெட்டு வயது இருக்கும். அம்மா நடவுக்குப் போனவர், அப்பா கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குபவர். அந்தக் குடும்பத்தில் முதலில் கல்லூரிக்குப் போனவர் இவர்தான். பொய் எழுதும் நர்ஸ் எப்படி இருப்பார் என்று எனக்கு ஒரு கணிப்பு உண்டு. அதிகம் சிரிப்பார், கேட்காததையெல்லாம் காட்டுவார். இவர் சிரிக்கவில்லை. கேட்டதை மட்டும் எடுத்து வைத்துவிட்டு நின்றார்.

கருவியை முதலில் பார்த்தேன். அளவு சரிபார்த்த சீட்டு இருந்தது, தேதி தாண்டவில்லை. சந்தேகம் தீர என் கையிலேயே கட்டச் சொன்னேன். ஐந்து நிமிடம் அசையாமல் உட்காரவைத்து, காலைத் தரையில் ஊன்றச் சொல்லி, கை நெஞ்சு மட்டத்தில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கட்டினார். சென்னையில் என் டாக்டர் இதில் ஒன்றைக்கூடச் செய்வதில்லை. அந்த ஐந்து நிமிடமும் நான் மூச்சை மெதுவாக இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன், எண் நன்றாக வரட்டும் என்று. நன்றாகவே வந்தது.

மாத்திரை வைக்கும் குளிர்பெட்டியின் வெப்பநிலையை ஒரு நாளைக்கு மூன்று வேளை கையால் எழுதியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளிலும். கரண்ட் போன நேரமும் வந்த நேரமும் ஓரத்தில் இருந்தன. முகாம் நோட்டையும் பார்த்தேன். பொய் எழுதுபவர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதுவார். இதில் அடித்தல் இருந்தது, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் இருந்தன. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது.

ஒன்றுதான் விளங்கவில்லை. ஒவ்வொருவர் கோப்பிலும் சிட்டா நகலும் கிராம நிர்வாக அலுவலர் கொடுத்த அடங்கலும் சொருகியிருந்தன. இரத்த அழுத்தம் பார்ப்பதற்கு நில ஆவணம் எதற்கு என்று கேட்டேன்.

"நாங்க கேக்கல சார். அவங்களா கொண்டாந்து குடுத்தாங்க. வேணாம்னா மூஞ்சி சுண்டிப் போவுது. சரின்னு வாங்கி வச்சுட்டேன்" என்றார் செல்வி.

'தேவையற்ற ஆவணங்கள்' என்று குறித்துக்கொண்டேன். விடை என் கையிலேயே இருந்திருக்கிறது, அதைக் குறைகளின் பட்டியலில் போட்டுவிட்டு மேலே போய்விட்டேன்.

அன்று மாலை ஹாஜா பாய் வீட்டில் தேங்காய்ப்பால் சோறும், ஆணம் என்று அவர்கள் சொல்லும் கறிக்குழம்பும். எனக்கும் அழுத்தம் உண்டு என்பதைக் கேட்டுவிட்டு டாக்டர் என் தட்டுக்கு மட்டும் தனிச் சட்டியில் உப்புக் குறைத்துப் போடச் சொல்லியிருந்தார். பாய் சிரித்தார். பிழைக்க வெளிநாட்டுக்குச் 'சபுர்' போகிற காலத்தில் அவர்களுக்கு இதெல்லாம் பழக்கமாம். வெளிநாடு போகுமுன் மெடிக்கல் என்று ஒன்று உண்டு. அதில் 'அன்ஃபிட்' என்று வந்துவிட்டால் விசா போச்சு. "அதனால மூணு நாளைக்கு முன்னாடியே உப்பு, கறி, டீ எல்லாம் நிறுத்திடுவோம். ஒருத்தன் பச்சத் தண்ணிலேயே இருந்து மெடிக்கல் ரூம்ல மயங்கி விழுந்தான். ஆனா ஃபிட்டு." நான் சிரித்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஆணம் ஊற்றிக்கொண்டேன். முப்பத்திரண்டு வருட அனுபவம் அந்த நேரத்தில் சோற்றைத்தான் கவனித்தது.

மூன்றாம் நாள் செல்வியுடன் ஒரு கிராமத்துக்குப் போனேன். ஆய்வைப் பற்றி எடுத்துச் சொல்லிச் சம்மதம் வாங்கும் வேலை அன்று. ரேஷன் கடைக்கு எதிரே இருந்த சமுதாயக் கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். என் தொழிலில் நான் மிக அதிகமாகப் பார்த்த காட்சி இதுதான்: படித்தவர் படிவத்தை வாசிப்பார், மற்றவர்கள் மின்விசிறியைப் பார்ப்பார்கள். பிறகு எல்லோரும் கையெழுத்துப் போடுவார்கள்.

செல்வி அப்படிச் செய்யவில்லை. கொஞ்சம் இரத்தம் எடுப்பார்களாமே என்று ஒருவர் பயந்தபோது, "மூட்டைல குத்தூசி போட்டு ஒரு பிடி நெல்லு எடுக்கிறதில்லையா? மூட்டையா கொறஞ்சு போச்சு?" என்றார். கூட்டம் சிரித்தது. கண்ணாடி போட்ட பெரியவர் ஒருவர் படிவத்தை வாங்கி எழுத்துக் கூட்டிப் படித்து, "தகுதி பெற்றவர் மட்டும்னு போட்டிருக்கே, என்ன தகுதி?" என்று கேட்டார்.

"டிபிசில ஈரம் பாக்கிற மாதிரிதான்ய்யா. மிஷின் வச்சு அளவு பாப்போம். அளவு சரியா இருந்தா எடுத்துக்குவோம். இல்லன்னா எடுத்துக்க மாட்டோம், அதுல கோவிச்சுக்கக் கூடாது."

எல்லோருக்கும் சட்டென்று விளங்கியது. தலைகள் ஆடின. எந்த எண் சரி, எந்த எண் சரியில்லை என்று அவர் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்பது விதி. எண்ணைச் சொன்னால் ஆட்கள் அதற்குத் தக்கபடி நடந்துகொள்வார்கள் என்பதற்காகப் போட்ட விதி. அதையும் அவர் மீறவில்லை. என் குறிப்பேட்டில், 'விளக்கம் மிகச் சிறப்பு. மற்ற இடங்களும் பின்பற்றலாம்' என்று எழுதினேன். கீழே கோடும் போட்டேன்.

திரும்பும் வழியில் ஒரு கடையில் டிகிரி காப்பி குடித்தோம். பித்தளை டவரா பளபளத்தது. காப்பி சுமார்தான். செல்வி தன் தம்ளரைத் தொடாமல் கேட்டார்: "என்னைப் பத்தி என்ன சார் எழுதப் போறீங்க?"

இன்னும் தெரியவில்லை என்றேன். கருவி சரி, நோட்டும் சரி என்றால் ஆட்கள்தான் மாறியிருக்க வேண்டும், ஆனால் அப்படி மாற வழியில்லை.

"நோட்டு பொய்யின்னு எழுதிட்டீங்கன்னா வேற எந்த ஆஸ்பத்திரிலயும் எனக்கு இந்த வேல கெடைக்காதுல்ல?"

கிடைக்காது என்றேன். விதியை மென்மையாகச் சொல்ல எனக்கு யாரும் பயிற்சி கொடுத்ததில்லை. அவர் காப்பியைக் குடித்து முடித்துத் தம்ளரைக் கவிழ்த்து வைத்தார்.

நான்காம் நாள் காலை முகாம் நோட்டில் இருந்த இன்னொருவர் வர வேண்டியிருந்தது. பெயர் அஞ்சம்மாள், ஆடியில் எடுத்த அளவு நூற்று எழுபத்திரண்டு. நான் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தேன். டவுன் பஸ் வாசலில் நின்றது. இறங்கிய பெண் இரண்டடி நடந்தார், கேட் கம்பியைப் பிடித்தார், அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தார். ஓடிப்போய்ப் பார்த்தால், சாலையில் என்னைச் செருப்பைக் கழற்றச் சொன்ன அதே பெண்.

செல்வியும் ஆயாவும் தூக்கிக்கொண்டு போய்ப் படுக்கவைத்தார்கள். செல்விக்கு அவர் தெருக்காரர்தான், அத்தை முறை. கருவியைக் கட்டினார். மேல் அளவு நூறு, கீழ் அளவு அறுபது. செல்வி ஒரு முறை என்னைப் பார்த்துவிட்டு மறுபடியும் கட்டினார். அதே எண். எனக்கு அவருடைய முகத்தைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. நூற்று எழுபத்திரண்டு என்று எழுதியவர் கண்ணெதிரே நூறு படுத்திருக்கிறது.

டாக்டர் வந்து காலுக்கு அடியில் தலையணை வைத்து உயர்த்தினார். எலுமிச்சைச் சாற்றில் உப்புப் போட்டுக் கொண்டுவரச் சொன்னார். கண்ணை மூடிக் கிடந்த அஞ்சம்மாள் அதைக் கேட்டதும் விழித்துக்கொண்டார்.

"உப்பு வேணாம் டாக்டரம்மா. அளவு ஏறிடும்."

டாக்டரின் கை நின்றது. "என்ன மாத்திரை போட்டீங்க?"

இடுப்பில் செருகியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே சிட்டா, அடங்கல், ஆதார் நகல், அவற்றின் நடுவே ஒரு மாத்திரை அட்டை. எதிர்வீட்டு அண்ணனுடையதாம். ராத்திரி இரண்டு, விடியற்காலையில் ஒன்று. மூன்று நாளாக உப்பில்லாக் கஞ்சி, நேற்றிலிருந்து அதுவும் இல்லை.

"எதுக்குத்தே இதெல்லாம்?" என்றார் செல்வி.

"காயணும்ல?" என்றார் அஞ்சம்மாள்.

ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. செல்விக்குத்தான் முதலில் புரிந்தது. கையிலிருந்த நோட்டை அப்படியே மேஜையில் வைத்தார்.

"ஈரத்தோட வந்தா திருப்பி அனுப்பிடுவீங்கல்ல? நெல்லத்தான் ரெண்டு தடவ திருப்பிட்டாங்க. நானும் திரும்பிப் போயி நின்னா ஊருல என்ன பேசுவாங்க? அதான் நல்லாக் காயவச்சு, டிபிசில கேக்கிற சிட்டா அடங்கலோட கொண்டாந்தேன்."

"அத்தே, எங்களுக்கு வேண்டியதே ஈர நெல்லுதான்" என்றார் செல்வி. "அழுத்தம் இருக்கிறவங்களத்தான் தேடுறோம். நீ வத்திப் போயி வந்திருக்கியே."

அஞ்சம்மாள் படுத்தபடியே எங்கள் மூவரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என்னிடம் வந்து நின்றது. மேலதிகாரியைக் கண்டுபிடிக்கத் தெரிந்தவர்.

"அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஈர நெல்ல எடுக்கிற டிபிசி ஒண்ணு ஊருல இருக்குன்னு யாரு கண்டா?"

பிறகு உப்புப் போட்ட சாற்றை வாங்கிக் குடித்தார். இரண்டு தம்ளர்.

செல்வி சம்மதப் படிவத்தோடு வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றார். அழவில்லை. "நான்தான் சார் காரணம். டிபிசி மாதிரின்னு ஆடி முகாமுலேர்ந்து எல்லா ஊருலயும் நான்தான் சொன்னேன். எழுதிக்குங்க. அத்தைக்கு ஏதாவது ஆயிருந்தா..." என்று நிறுத்தினார்.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன். தணிக்கையாளனின் வாய் தானாகக் கேட்கும் கேள்வி அது.

"படிவத்துல தகுதின்னு இருக்கு சார். தகுதின்னா என்னன்னு எல்லாரும் கேக்கிறாங்க. எங்க ஊருல தகுதி பாத்து எடுக்கிற எடம் அது ஒண்ணுதான்."

நான் அவர் கையிலிருந்த படிவத்தை வாங்கினேன். கடைசிப் பக்கத்தின் அடியில் சிறிய எழுத்தில் ஒரு குறியீடு இருக்கும். யாரும் அதைப் படிப்பதில்லை. எனக்குப் படிக்க வேண்டிய அவசியமும் இல்லை, மனப்பாடம். இருபது வருடத்துக்கு முன்பு, தமிழில் ஒரு மாதிரிப் படிவம் வேண்டும் என்று எங்கள் அலுவலகத்தில் குழு போட்டார்கள். அதை எழுதியவன் நான். 'தகுதி' என்று போடலாமா, 'பொருத்தம்' என்று போடலாமா என்று ஒரு மதியம் முழுக்கச் சண்டை நடந்தது. பொருத்தம் என்றால் கல்யாணம் மாதிரி இருக்கிறது என்று சொல்லி நான் ஜெயித்தேன். எண்ணைச் சொல்லக் கூடாது என்ற விதியும் என்னுடையதுதான். அப்போது எனக்குக் குளிரூட்டிய அறையும் நல்ல அகராதியும் இருந்தன. தகுதி இல்லாதவராகத் திரும்பிப் போவதை எந்த மனிதரும் விரும்ப மாட்டார் என்று சொல்ல அந்த அறையில் ஆள் இல்லை.

செல்வியிடம் சொன்னேன். அவர் படிவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "நீங்களா சார்?" என்றார். ஆமாம் என்றேன்.

ஐந்தாம் நாள் செல்வியின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து ஊர் ஊராகப் போனேன். 'குணமான' முப்பத்தொரு பேரில் கண்ணில் பட்டவர்களிடமெல்லாம், மருத்துவமனைக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்தீர்கள் என்று கேட்டோம். ஒருவரும் மறைக்கவில்லை. மறைக்க வேண்டிய காரியமாக அவர்கள் நினைக்கவே இல்லை. ஒருவர் வாரம் முழுக்க முருங்கைக்கீரைச் சாறு குடித்திருக்கிறார். ஒருவர் மைத்துனரின் மாத்திரை. ஒருவர் இரண்டு நாள் வேலைக்குப் போகாமல் கட்டிலில் படுத்திருக்கிறார், மனைவி அவரோடு சண்டை போடாமல் இருந்திருக்கிறார். "அந்த ரெண்டு நாளுதான் சார் நம்ம வாழ்க்கையிலயே நிம்மதி" என்றார். உள்ளே இருந்து மனைவி, "அதான் அளவு பாத்து முடிஞ்சிடுச்சுல்ல" என்றார். சரக்கை ஒப்படைக்கும் முன் சுத்தம் செய்து கொண்டுவருவது மரியாதை என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். கருவியின் முன்னால் மூச்சை இழுத்து விட்டுக்கொண்டிருந்த நான் அவர்களை என்ன சொல்ல முடியும்?

மதியம் அஞ்சம்மாள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மூவரும் புதிய வாக்கியம் எழுதினோம். நான் எழுதியதை அஞ்சம்மாள் இரண்டு தடவை நிராகரித்தார். மூன்றாவது தடவை, செல்வி சொல்லச் சொல்ல நான் எழுதினேன்: 'அழுத்தம் அதிகமாக இருப்பவர்களுக்காகத்தான் இந்த ஆய்வு. நீங்கள் எப்போதும் எப்படி இருப்பீர்களோ அப்படியே வாருங்கள். வருவதற்காகச் சாப்பாட்டையோ மாத்திரையையோ மாற்ற வேண்டாம். எந்த அளவு வந்தாலும் உங்களுக்கு வைத்தியம் உண்டு.' தகுதி என்ற சொல் அதில் இல்லை.

"இது வெளங்குது" என்றார் அஞ்சம்மாள். என் எழுத்துக்கு இருபது வருடத்தில் கிடைத்த முதல் மதிப்புரை.

படிவத்தில் ஒரு சொல்லை மாற்ற வேண்டும் என்றால் நெறிமுறைக் குழு கூட வேண்டும், அதற்கு மாதக்கணக்காகும். ஆனால் பொருளைத் தெளிவுபடுத்தும் திருத்தம் மட்டும் என்றால் குழுத் தலைவரே பார்த்து அனுமதிக்கலாம் என்று ஓர் உட்பிரிவு உண்டு. அதையும் நான்தான் எழுதினேன், நான் எழுதியதில் ஏதோ ஒன்றாவது உருப்படியாக இருந்ததே. கடிதத்தை அன்றே தயார் செய்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கினேன். அஞ்சம்மாள் விஷயமும் மறைக்காமல் தனி அறிக்கையாகப் போனது. அவரைத் தினமும் பார்த்து, மாத்திரையின் வேகம் முழுக்க இறங்கிய பிறகு மறுபடி ஒரு முறை அளவு எடுக்க விதியில் இடம் இருந்தது.

என் அறிக்கைப் படிவத்தில் இரண்டு கட்டங்கள் இருந்தன: 'கருவிக் கோளாறு', 'ஆவண மோசடி'. இரண்டிலும் குறி போடவில்லை. 'பிற' என்ற இடத்தில் ஒரு வரிதான் எழுத முடியும். 'படிவத்தின் சொல். எழுதியவர்: இந்த அறிக்கையை எழுதுபவர்' என்று போட்டேன். குறிப்பேட்டில் 'மிகச் சிறப்பு' என்று எழுதி அடியில் கோடு போட்டதை அடித்து, பக்கத்தில் கையெழுத்தும் தேதியும் போட்டேன். செல்வியின் நோட்டைப் பார்த்த பிறகு அப்படித்தான் செய்யத் தோன்றியது.

சென்னை திரும்பியதும் அறக்கட்டளை நண்பர் தொலைபேசியில் கேட்டார்: கடைசியில் அவர்கள் ஏமாற்றினார்களா, இல்லையா? ஏமாற்றினார்கள், ஆனால் நமக்கு நல்ல சரக்காகக் கொடுக்க வேண்டும் என்பதற்காக என்றேன். நண்பர், மூட வேண்டாம், பார்க்கலாம் என்றார்.

பதினொரு நாள் கழித்துச் செல்வி கூப்பிட்டார். புதிய வாக்கியத்துக்கு அனுமதி வந்துவிட்டது, இன்றைக்குத்தான் முதல் ஆளைப் பார்த்தோம் என்றார். "நூத்தி அறுபத்தெட்டு சார்." இன்னொருவருக்கு இவ்வளவு அழுத்தம் இருப்பதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. நான் எதுவும் சொல்வதற்குள் போன் கை மாறிவிட்டது.

"சார், நான் அஞ்சம்மா பேசுறேன்."

நெல் என்னாயிற்று என்று கேட்டேன்.

"அது பதினாறரதான் காட்டுச்சு, எடுத்துக்கிட்டாங்க. நானு சொட்டச் சொட்ட ஈரமா வந்தேன். என்னையும் எடுத்துக்கிட்டாங்க."